தூரியனும் புழுங்கல் அரிசியும்

ஜூன், ஜூலை மாதங்களில் கண்டியிலிருந்து ஹட்டன் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நாவலப்பிட்டியில் யாராவது ஒருவர் உரப்பையில் சுற்றிய சாமான் ஒன்றோடு ஏறுவார். அதைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி யன்னலுக்கு வெளியே பார்ப்பார். கினிகத்தேனை வருவதற்குள் முழு பஸ்ஸுக்கும் விஷயம் தெரிந்துவிடும். சிலர் மூக்கைப் பொத்துவார்கள். சிலர், "எங்க வாங்கினீங்க, எவ்வளவு?" என்று கேட்பார்கள். தூரியன் விஷயத்தில் நடுநிலை என்று ஒன்று கிடையாது.

போன வருஷம் அந்த உரப்பையோடு ஏறினது நாங்கள்தான். அதற்கு முந்தின கிழமை, எங்கள் போர்டிங் வீட்டில் ஆறு பேரின் ஃபோனுக்கும் ஒரே செய்தி வந்திருந்தது. தூரியன் சாப்பிட்டால் பிரஷர் குறையும், இரத்தம் ஊறும், தூக்கம் வரும், வயசு தெரியாது, பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும். கடைசியில் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி ஒரு வேண்டுகோள். எங்களில் ஒருத்தியின் அம்மா கொழுந்து எடுக்கிறவர். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அந்தச் செய்தியை அவள் மட்டும் சிரிக்காமல் வாசித்தாள். "வாங்கிட்டுப் போவமா?" என்று கேட்டாள். வாங்கினோம். வாங்கின பிறகுதான், வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு உரிய தாமதத்தோடு, அது உண்மையா என்று தேடத் தொடங்கினோம்.

முதலில் பெயர். மலாய் மொழியில் 'டுரி' என்றால் முள். முள் உள்ளது டுரியான். அது சிங்களத்தில் தூரியன் ஆகி, எங்கள் வாயிலும் அப்படியே தங்கிவிட்டது. தமிழில் முள்நாறி என்றும் ஒரு பெயர் உண்டு. பெயர் வைத்தவர் முள்ளையும் விடவில்லை, மணத்தையும் விடவில்லை. ருசியைத்தான் விட்டுவிட்டார். தாவரவியல் பெயரிலும் புனுகுப்பூனை இருக்கிறது, டூரியோ சிபெதினஸ் என்று. செம்பருத்தியும் பருத்தியும் இருக்கிற அதே குடும்பத்து மரம் இது. பார்வைக்குப் பலாவின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தாலும் பலாவுக்கு இது சொந்தமே இல்லை.

சொந்த ஊர் போர்னியோ, சுமாத்ரா, மலாயாப் பக்கம். இலங்கையில் ஈர வலயத்தில் நன்றாகக் காய்க்கும். கண்டி வீதியில் மாவனெல்லை, கடுகண்ணாவைப் பக்கம் சீசனில் தெருவோரம் குவித்து வைத்திருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்து வேண்டும் இதற்கு. 700, 800 மீற்றரைத் தாண்டினால் காய்ப்பது சந்தேகம். ஹட்டன் 1200 மீற்றருக்கு மேலே, நுவரெலியா கிட்டத்தட்ட 1870. ஆக மலையகத்துக்குள்ளேயே ஒரு கண்ணுக்குத் தெரியாத கோடு இருக்கிறது. கோட்டுக்குக் கீழே கண்டி, கம்பளைப் பக்கத்துக் கிராமத் தோட்டங்கள்: பலா, ஈரப்பலா, கறுவா, தூரியன். கோட்டுக்கு மேலே தேயிலை, தேயிலை, சவுக்குமரம், மறுபடி தேயிலை. பழம் மேலே வரவேண்டும் என்றால் பஸ்ஸில்தான் வரவேண்டும், காசு கொடுத்துத்தான் வரவேண்டும்.

இனி அந்தச் செய்திக்கு வருவோம். 100 கிராம் தூரியன் சதையில் (நடுத்தரமான சுளை இரண்டு மூன்று என்று வையுங்கள்) 147 கலோரி, மாச்சத்து 27 கிராம், கொழுப்பு 5 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, நார்ச்சத்து கிட்டத்தட்ட 4 கிராம், பொட்டாசியம் 436 மில்லிகிராம், விட்டமின் சீ 20 மில்லிகிராம். பழம் என்று பார்த்தால் இது கனமான சாப்பாடு. வாழைப்பழத்தைவிடப் பொட்டாசியம் அதிகம். உண்மையில் மெச்சவேண்டிய ஒன்று விட்டமின் பி1, அதாவது தயமின். 100 கிராமில் 0.37 மில்லிகிராம், வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்கு. பழங்களில் இவ்வளவு தயமின் இருப்பது அபூர்வம். ஆனால் அந்தச் செய்தியில் தயமின் என்ற சொல்லே இல்லை! இரத்தம் ஊறும் என்றுதான் இருந்தது. தூரியனில் இரும்புச்சத்து சொல்லும்படியாக இல்லை.

இந்த இடத்தில் ஒருத்தி கொய்யாப்பழத்தைத் தேடிப் பார்த்தாள். விட்டமின் சீ 228 மில்லிகிராம், தூரியனைப் போல பத்து மடங்குக்கும் மேலே. கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பை உடம்பு உறிஞ்சிக்கொள்ள விட்டமின் சீ உதவும். தேத்தண்ணியில் இருக்கிற டனின் அதைத் தடுக்கும். சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடிக்கிற எங்கள் பழக்கமும், லயத்துக்குப் பின்னால் குருவி கொத்தி விழுகிற கொய்யாவும் சட்டென்று ஞாபகம் வந்தன. கொய்யாவைப் பற்றி யாரும் ஃபோனில் செய்தி அனுப்புவதில்லை. அது சும்மா கிடைக்கிறது, அதனால் அதற்கு மகிமை இல்லை.

தயமினைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் நாங்கள் எதிர்பார்க்காத இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

நூறு வருஷத்துக்கு முன்பு ஆசியாவின் சுரங்கங்களிலும் சிறைகளிலும் தோட்டங்களிலும் பெரிபெரி என்ற வருத்தம் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. கால் மரக்கும், வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நின்றுபோகும். கிருமி என்று ஒரு கட்சி, நச்சு என்று இன்னொரு கட்சி. ஜாவாவில் ஒல்லாந்து வைத்தியர் எய்க்மான் 1890களில், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகளுக்கு இதே மாதிரி வருத்தம் வருவதைக் கண்டிருந்தார். மனிதர்களுக்கும் அப்படியா என்பதுதான் கேள்வி.

மலாயாவில் நெகிரி செம்பிலானில் வேலை செய்த பிராடன் என்ற வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். தகரச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் நிறையப் பேர் பெரிபெரியில் சாகிறார்கள். பக்கத்திலேயே வேலை செய்கிற தமிழர்களுக்கு அது அவ்வளவாக வருவதில்லை. தமிழர் ஒன்றும் வசதியாக இருக்கவில்லை. வித்தியாசம் பானையில் இருந்தது. சீனர்கள் சாப்பிட்டது சீயத்திலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது ஊர்ப் பழக்கப்படி புழுங்கல் அரிசி. 1907இல் இதைப் பற்றி அவர் ஒரு புத்தகமே போட்டார்.

அதே காலத்தில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவரும் இதைச் சோதிக்க இறங்கினார்கள். காட்டுக்குள் ரோட்டுப் போடப் போன ஏறக்குறைய 300 ஜாவாத் தொழிலாளர்களைப் பிரித்து ஒரு பக்கத்துக்கு வெள்ளை அரிசி, மற்றப் பக்கத்துக்குப் புழுங்கல் அரிசி கொடுத்தார்கள். சில மாதங்களில் வெள்ளை அரிசிப் பக்கம் பெரிபெரி தலைகாட்டியது. புழுங்கல் பக்கம் இல்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது வருத்தமும் மாறியது. 1909இல் முடிவு அச்சில் வந்தது. நோய் வரும் என்று எதிர்பார்த்தே ஒரு கூட்டத்துக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்களிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சோதனை நடந்த ஊரின் பெயர் டுரியான் தீப்புஸ். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். மூலையில் உரப்பை வேறு மணத்துக்கொண்டிருந்தது.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற தயமின் அரிசிக்குள்ளே இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. 1912இல் ஃபங்க் என்பவர் விட்டமின் என்ற சொல்லைக் கொண்டுவந்தார். 1926இல் ஜாவாவில் தயமினைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு. நெல் அவித்த கிழவிகளுக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. அவர்களுக்கும் தயமினுக்காக அவிக்கிறோம் என்று தெரியாது. உமி லேசாகக் கழலும், அரிசி உடையாது, நாள்பட இருக்கும் என்பதற்காக அவித்தார்கள். அவர்களைத் தெய்வமாக்கி 'முன்னோர் சொன்ன விஞ்ஞானம்' என்று இன்னொரு செய்தி பரப்புகிற எண்ணமும் எங்களுக்கு இல்லை.

ஒரே காலத்தில், ஒரே ஜில்லாக்களிலிருந்து புறப்பட்டவர்களில் ஒரு பகுதி மலாயா ரப்பருக்குப் போனது, மற்றப் பகுதி மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து கோப்பிக்கும் பின்பு தேயிலைக்கும் வந்தது. அங்கே போனவர்களுக்கு டுரியான் மரத்து நிழல் கிடைத்தது, இங்கே வந்தவர்களுக்குப் பனி. சோறு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று. இங்கே அந்தச் சோறும் சம்பளத்துக்குள் அடங்கின விஷயம். இந்திய அரிசியும் பர்மா அரிசியும் கப்பலில் வந்து தோட்ட ஸ்டோரில் இறங்கி, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து, சம்பளத்தில் கழித்தார்கள். 1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தில் அரிசியின் விலை ஒரு புசலுக்கு 4 ரூபா 80 சதத்துக்கு மேலே போகக்கூடாது என்று எழுதவேண்டி வந்ததே, அரிசி எவ்வளவு பெரிய பிடி என்பதற்குச் சாட்சி. சட்டத்தில் அரிசி இருந்தது. மரக்கறி இல்லை, பால் இல்லை, பழம் என்ற சொல்லே இல்லை.

1942இல் யப்பான் பர்மாவைப் பிடித்தவுடன் அரிசி நின்றது. பங்கீடு வந்தது, அதோடு கோதுமை மா வந்தது. யுத்தம் முடிந்தது, மா போகவில்லை. இன்று "எங்கட பாரம்பரியச் சாப்பாடு" என்று நாங்கள் மார்தட்டுகிற தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டச் சம்பலும் தோட்டத்தில் இப்படித்தான் நிலைத்தன. காலையில் இரண்டு ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போக இரண்டு ரொட்டி. மறுக்கமுடியாத ருசி. ஆனால் தீட்டிய வெள்ளை மாவில், தீட்டிய வெள்ளை அரிசியின் அதே குறை இருக்கிறது. புழுங்கல் அரிசி தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்ததை, ரொட்டி யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டது.

பிறகு 1973, 74. எண்ணெய் விலையும் தானிய விலையும் உலகமெங்கும் ஏறின. அரசாங்கம் பங்கீட்டை வெட்டியது. கிராமத்தில் ஒரு பலாமரமோ மரவள்ளிப் பாத்தியோ இருந்தது. லயத்து ஆட்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை. 1948இல் குடியுரிமை போனதால், கேட்பதற்கு ஒரு வாக்குச்சீட்டும் பலரிடம் இல்லை. தோட்டங்களில் மரண வீதம் திடீரென்று ஏறியது. ஆட்கள் கூட்டமாக வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இறங்கிப் போனார்கள். எங்கள் வீடுகளில் அப்பாயிமார் இதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். "அந்தப் பஞ்சத்துல" என்று தொடங்கி, பிறகு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். சத்துமா திரிபோஷ கொடுக்கத் தொடங்கியதும் 1973இல்தான்.

மலையகத்தின் போஷாக்கு வரலாறு என்றால் இதுதான்: எது நல்ல பழம் என்ற கேள்வி அதில் ஒருபோதும் எழவே இல்லை. 2016 குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17 வீதமானவர்கள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்தில் அது 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை. 2024இல் சம்பளம் 1350 ரூபாவுக்கு வந்தது. நல்ல தூரியன் ஒன்று அந்த ஒரு நாள் பேரின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அரைப்பேர் போட்ட நாளென்றால் கேட்கவே வேண்டாம்.

பிள்ளை பிறக்கும் என்ற கதையையும் விடக்கூடாது. ஏனென்றால் அது எங்களுக்கும் ஒரு வகையில் சொந்தக் கதை. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தானது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். போனவர்களில் நிறையப் பேர் நீலகிரியில், அவர்களுக்காகவே 1968இல் தொடங்கிய அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துக்கே போனார்கள். எங்களில் ஒருத்தியின் தாத்தாவின் தம்பி குடும்பம் அப்படிப் போனதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிற வழியில், மலை அடிவாரத்தில் கல்லாறு அரசுப் பழப்பண்ணை இருக்கிறது. அங்கே தூரியன் மரங்கள் உண்டு. அதே கோடு: குன்னூரில் காய்க்காது, கல்லாறில் காய்க்கும். சீசனில் அந்தப் பழத்துக்கு அப்படி ஒரு போட்டி, காரணம் அது குழந்தை வரம் தரும் பழம் என்ற நம்பிக்கை. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்தும் தம்பதிகளாக வந்து காத்திருந்து வாங்குவார்களாம். அந்த வீட்டுச் சித்தியிடம் ஃபோனில் கேட்டோம். "நம்ம ஊர்ல அத நாத்தம்னு சொன்னோம், இங்க வந்து பாத்தா சாமி பிரசாதம் மாதிரி வாங்கிட்டுப் போறாங்க" என்று சிரித்தார்.

இலங்கையிலும் இதே நம்பிக்கை கொஞ்சம் மறைவாக உண்டு. மருத்துவம் இதை ஒரு சிகிச்சையாக ஏற்றுக்கொண்டதில்லை. சாப்பிட்டவுடன் உடம்பு சுடுவதுபோல இருக்கும், வேர்க்கும். சூடு, வீரியம், பிள்ளை என்று மனசு தானாகப் படியேறிப் போகிறது. பிள்ளை இல்லை என்று தவிக்கிறவர்களை நாங்கள் கிண்டல் பண்ணவில்லை. ஆனால் எங்கள் தோட்டங்களில் இந்த விஷயம் எதிர்த் திசையிலும் நடந்தது. 1980இலிருந்து கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டால் அரசாங்கம் காசு கொடுத்தது, அது 500 ரூபா வரைக்கும் போனது. தோட்டப் பெண்கள் இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம். அன்றைக்கு அவர்களுக்கு 500 ரூபா எவ்வளவு பெரிய காசு என்று யோசித்தால், விருப்பம் என்ற சொல்லை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு மலையில் பிள்ளைக்காகப் பழத்துக்குக் காத்திருந்தார்கள், இன்னொரு மலையில் பிள்ளை போதும் என்பதற்குக் காசு வாங்கினார்கள்.

பெரியவர்கள் சொல்கிற இன்னொரு விஷயத்தில் உண்மை இருக்கிறது. "தூரியன் தின்னுட்டுச் சாராயம் குடிக்காத, செத்துருவ" என்பது. 2009இல் யப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். மதுவை உடம்பு உடைக்கும்போது உருவாகிற நச்சைச் சுத்தம்பண்ண ஒரு நொதியம் வேண்டும். தூரியன் சாறு அந்த நொதியத்தின் வேலையை, பரிசோதனைக் குழாயில், 70 வீதம் வரை தடுத்தது. காரணம் அந்தக் கந்தகச் சேர்மங்கள். நாற்றத்துக்குக் காரணமானவர்களும் அவர்களே. செத்துப்போவோம் என்பது மிகைதான், ஆனால் சம்பள நாளும் தூரியன் சீசனும் சேர்ந்து வருகிற கிழமையில் தாத்தா சொன்னதைக் கேட்பது நல்லது. சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒரு சுளையோடு நிறுத்த வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு அந்தப் பொட்டாசியம் நல்லதில்லை. மங்குஸ்தான் தின்றால் சூடு தணியும் என்பது கதை, ஆனால் மங்குஸ்தான் தின்னக் காரணமா வேண்டும்?

கடைசியில் அந்த உரப்பை. வட்டவளை தாண்டும்போது கொண்டக்டர் இரண்டு தடவை எங்களை முறைத்தார், இறக்கிவிடவில்லை. ஹட்டனில் இறங்கி, அங்கேயிருந்து த்ரீவீலில் போய், லயத்து வாசலில் கத்தியால் பிளந்தோம். ஐந்து அறை, ஐந்து வரிசைச் சுளை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மணத்துக்கே வந்துவிட்டார்கள். அம்மா ஒரு சுளையை வாயில் போட்டு, கொஞ்சம் யோசித்து, "நல்லாத்தான் இருக்கு, வெங்காயம் போட்ட பால்கோவா மாதிரி" என்றார். மிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கொட்டைகளை மட்டும் அவிக்க எடுத்து வைத்தார். பலாக்கொட்டை மாதிரித்தான், அவித்துத்தான் சாப்பிடவேண்டும், பச்சையாகக் கூடாது.

இரத்தம், இரும்பு, கொய்யா, டனின் என்று எங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் ஒப்புவித்தோம். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கக்கூடாது என்றதும், தேயிலைக்காரி வீட்டில் வந்து இதைச் சொல்கிறீர்களா என்பதுபோலப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்ப அந்தப் பழம் என்ன விலை?"

சொன்னோம்.

"அந்தக் காசுக்கு நாட்டரிசி எத்தன கிலோ வரும்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நாட்டரிசியும் புழுக்கின அரிசிதான் என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள். "அது தெரியும்டி" என்றார் அம்மா. "அடுத்த தடவ வர்றப்ப அஞ்சு கிலோ வாங்கிட்டு வாங்க. மா வெல கூடிப்போச்சு."